பிரேக் டிஸ்கில் துருவா? எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள்

"கார் கழுவிய மறுநாள் பிரேக் டிஸ்க் செம்பழுப்பாகிவிடுகிறதா? துரு நீக்கும் ஸ்பிரே அடியுங்கள், பளபளக்கும்" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தட்டு, பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படியும். வண்டியை எடுத்து நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடே அதை உரசி எடுத்துவிடும். அந்த வகை ஸ்பிரேக்களில் எண்ணெய் இருக்கிறது. அது பேடுக்குள் ஊறினால் பிடிப்பு போய்விடும், பேடையே மாற்ற வேண்டியதுதான். தெரியாமல் அடித்துவிட்டீர்களா? வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, பெயின்ட்? காலிப்பருக்கும் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) டிஸ்கின் நடுப்பகுதிக்கும் வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். பேட் உரசும் முகத்தில் கூடாது. வீல் வந்து உட்காரும் முகத்தையும் பலர் ஆர்வக்கோளாறில் பூசிவிடுகிறார்கள். அங்கே தடிமனாகப் பெயின்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, முடுக்கிய நட்டு தளரும். டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு) துரு பிடிக்காமலிருக்க அடர்த்தியான கோட்டிங் அடிக்கலாம், ஆனால் பழைய சேற்றைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்த பிறகு.