ஊராட்சித் தேர்தலுக்கு ஓட்டு மெஷின் கேட்பவர்களுக்கு

தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தலில் இன்னும் வாக்குச்சீட்டுதான். ஆளுக்கு நாலு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில பூத்தில் நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எண்ணும் நாளில் நிறம் பிரிப்பதிலேயே பொழுது போய்விடும். 2020 ஜனவரி 2-ல் தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நீண்டது. மெஷின் வேண்டும் என்ற குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால் மெஷின் கொண்டுவரும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் "வேகம்" என்று எழுதினால் மொத்தமும் கோணலாகிவிடும். தோற்றவர் எண்ணிப் பார்க்கக் காகிதம் இருக்கவேண்டும் என்பதே முதல் நோக்கமாக இருக்கட்டும்.

சட்டமன்றத் தேர்தலில் தொகுதிக்குக் குலுக்கி எடுத்த 5 பூத்தின் விவிபேட் சீட்டுகளை (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று மெஷினோடு சேர்ந்த பிரிண்டர் அச்சிடும் காகிதம்) எண்ணுகிறார்கள். லட்சக்கணக்கான ஓட்டில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்போது அதற்கு ஓரளவு பொருள் உண்டு. திருவாரூர் பக்கம் ஒரு வார்டில் 300 ஓட்டு, வித்தியாசம் 2 என்று வையுங்கள். ஒரே ஒரு ஓட்டு இவருக்குப் பதில் அவருக்குப் பதிவாகியிருந்தாலே சமம், அப்புறம் குலுக்கல்தான். மாதிரி எடுத்து இதைப் பிடிக்க முடியாது. வார்டு, தலைவர் இரண்டுக்கும் சீட்டு முழுவதையும் எண்ணவேண்டும். சுமார் 50,000 மக்களுக்கு ஒருவர் என்ற மாவட்டக் கவுன்சிலருக்கு மாதிரி போதும். அதன் அளவை வெற்றி வித்தியாசம் தீர்மானிக்கட்டும்.

அடுத்தது நாலு பதவிச் சிக்கல். கேரளாவில் மூன்று அடுக்குக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட் (அலுவலர் கையில் இருப்பது), மூன்று பேலட் யூனிட் (வாக்காளர் பொத்தான் அழுத்துவது), விவிபேட் கிடையாது. ஏதாவது ஒரு பதவியை விட்டுவிடுகிறவர் கடைசியில் தன் ஓட்டை முடிக்க 'எண்ட்' பொத்தானை அழுத்தவேண்டும். மறந்து வெளியே வந்துவிட்டால் யார் உள்ளே போய் அழுத்துவது? அலுவலர் போனால் ஏஜென்ட்கள் சண்டைக்கு வருவார்கள், அதுவும் சரிதான். இதற்கான விதியும் திட்டத்துக்குள் வரவேண்டும்.

விவிபேட் காகிதம் ஈரம் இழுக்கும், சென்சாரில் வெளிச்சம் பட்டாலும் மக்கர் செய்யும். சோதனையைச் சென்னை ஏசி அறையில் வைக்காதீர்கள். கார்த்திகை அடைமழையில் வேதாரண்யத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் வையுங்கள்.

வாக்காளர் பட்டியலும் பணப் பட்டுவாடாவும் பெரிய நோய்கள், மெஷினால் தீராதவை. அவற்றை இந்தத் திட்டத்தில் ஏற்றவேண்டாம். ஆன்லைன் ஓட்டு அறவே வேண்டாம்: கூலிக்குப் போகிறவர் போனை வாங்கி யார் அழுத்தினார்கள் என்று எவராலும் காட்ட முடியாது.

2024 ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர்கள் 7 நாளுக்குள் கேட்டால் 5 சதவீத மெஷின்களைச் சோதிக்கலாம். ஊராட்சியில் அந்தக் கெடு எத்தனை நாள், சீட்டுப் பெட்டி யார் பூட்டில், செலவு யாருடையது என்பதெல்லாம் டெண்டர் விடும் முன்பே விதியாக வரவேண்டும்.