ஆசையைச் சுருக்குவது படிக்காத பெற்றோர் அல்ல
பெற்றோர் படிக்காத வீடுகளில் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஆசை வருவதில்லை என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. நான் சேலம் சிவதாபுரம். அப்பா ஐந்தாவதோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தவர், அம்மா வீட்டிலிருந்தபடியே சலங்கை கோத்துக் கொடுப்பார். என்னைப் பட்டறைக்கு விடக் கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். ஆசையைச் சுருக்கியது தெருதான். பத்தாவதோடு நின்ற நண்பர்கள் வாரக்கூலி வாங்கும்போது, "நாலு வருஷம் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று மாமா முதல் டீக்கடைக்காரர் வரை கேட்டார்கள். அப்புறம், பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்று சொல்ல ஆளில்லை. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அதில் நமக்கும் இடம் கிடைக்கும் என்பதை அடுத்த தெரு அக்கா ஒருவர் சொல்லித்தான் நம்பினேன். எங்கள் பகுதியில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர். பணம்தான் தடை என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, அதுவும் உண்டு. ஆனால் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தும், இந்த ஒதுக்கீட்டுக்குத் தேவையான அந்த விவரத்தை விண்ணப்பத்தில் சரியாக நிரப்பாமல் விட்டிருந்தாள்.