பொட்டாசியம் கேட்கத் தெரியாத போர்டு

ஸ்டார்ட்அப் கம்பெனிகளின் இணையதளத்தில் 'எங்கள் இயக்குநர் குழு' என்று ஒரு பக்கம் இருக்கும். கோட் போட்ட படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே வகித்த பதவிகள். முன்னாள் செயலாளர், ஓய்வுபெற்ற டிஜிபி, முன்னாள் வங்கித் தலைவர். பார்த்தவுடனே நமக்கு ஒரு பணிவு வந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய ஆட்கள் விசாரிக்காமலா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் நம்பிக்கை இல்லை. ஒருவர் வகித்த பதவி, அவர் போன் போட்டால் மறுமுனையில் யார் எடுப்பார்கள் என்பதைச் சொல்லும். கம்பெனி விற்கிற பொருள் வேலை செய்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது. ரத்தப் பரிசோதனை லேபில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரானோஸ் கதைதான் முதலில் ஞாபகம் வரும்.

கலிபோர்னியாவில் 2003-ல், ஸ்டான்ஃபோர்டில் படிப்பைப் பாதியில் விட்ட 19 வயது எலிசபெத் ஹோம்ஸ் ஆரம்பித்த கம்பெனி. விரல் நுனியில் எடுத்த சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான டெஸ்ட் செய்யலாம் என்பதுதான் வாக்குறுதி. அது பொய் என்று பின்னால் தெரிந்தது. 2014-ல் அதன் மதிப்பு சுமார் 900 கோடி டாலர். ஃபார்ச்சூன் இதழ் அவரை அட்டையில் போட்டது. அந்தச் சமயத்துப் போர்டைப் பாருங்கள்.

ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ரீகன் காலத்து வெளியுறவு அமைச்சர். ஹென்றி கிஸ்ஸிங்கர், அவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர். வில்லியம் பெர்ரி, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர். சாம் நன், செனட்டில் ராணுவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். கேரி ரஃப்ஹெட், கடற்படையின் ஓய்வுபெற்ற அட்மிரல். ஜேம்ஸ் மாட்டிஸ், மரீன் படையின் ஓய்வுபெற்ற ஜெனரல், பின்னாளில் டிரம்ப்பின் பாதுகாப்பு அமைச்சர். வெல்ஸ் ஃபார்கோ வங்கியை நடத்திய ரிச்சர்ட் கோவசெவிச். பெக்டெல் கட்டுமானக் குழுமத்தின் ரைலி பெக்டெல். ஒரு நாட்டின் மீது படையெடுக்க வேண்டும், பிறகு அங்கே பாலம் கட்ட வேண்டும், அதற்குக் கடனும் வாங்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல குழு அமையாது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிற வேலைக்கு இவர்கள் எதற்கு?

டாக்டர்கள் இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள், இரண்டு பேர். முன்னாள் செனட்டர் பில் ஃப்ரிஸ்ட், இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தவர். வில்லியம் ஃபேகி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முன்னாள் இயக்குநர். 1970-களில் நம் நாட்டுக்கே வந்து பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்தவர் அவர். அவரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சர்ஜனும் நோய்ப்பரவல் நிபுணரும் லேப் ரிசல்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள். அந்த எண் எந்த வழியாக வந்தது, எங்கே கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது என்பது லேப்காரனின் தினசரித் தலைவலி. அந்த மேஜையில் அவன் இல்லை.

அவன் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பான்? என்னைக் கேட்டால், முதல் கேள்வி பொட்டாசியம். விரலைக் குத்திப் பிழிந்து ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடையும். ஹீமோலைசிஸ் என்போம். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) இருப்பதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். கொஞ்சம் உடைந்தாலே ரிசல்ட் எகிறிவிடும். 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டிய எண் 6, 7 என்று காட்டினால், நன்றாக இருக்கிற மனிதரை ஐசியுவுக்கு ஓட வைப்பார்கள். இது புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனுக்கே தெரிந்த விஷயம். 'விரல் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கிறீர்களா? அதே ஆளுக்குக் கை நரம்பில் எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? காட்டுங்கள்' என்று கேட்டிருந்தால் கூட்டம் அங்கேயே நின்றிருக்கும். தெரானோஸில் பொட்டாசியம் உண்மையாகவே பெரிய தொல்லையாக இருந்தது என்பது பின்னால் வெளியே வந்தது.

இரண்டாவது கேள்வி வெளித் தரச் சோதனை. வேலூர் சிஎம்சி பல வருஷமாக நம் ஊர் லேப்களுக்கு இதை நடத்துகிறது. என்ன அளவு என்று சொல்லாமல் சாம்பிள் வரும், நம் மெஷினில் ஓட்டி எண்ணை அனுப்ப வேண்டும், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று அறிக்கை வரும். மாதாமாதம் வயிற்றில் புளியைக் கரைக்கும் காகிதம் அது. நோயாளியின் சாம்பிளை எந்த மெஷினில் எப்படி ஓட்டுகிறோமோ, இதையும் அப்படித்தான் ஓட்ட வேண்டும். தெரானோஸின் சொந்தக் கருவியான எடிசனில் செய்ய முடிந்தது ஒரு டஜன் அளவு டெஸ்ட்டுகள்தான். மீதியெல்லாம் சீமென்ஸ் போன்ற வெளிக் கம்பெனி மெஷின்களில் ஓடின. விரல் ரத்தத்தில் தண்ணி கலந்து அளவைக் கூட்டி அந்த மெஷின்களில் ஏற்றிய கூத்தும் நடந்தது. தரச் சோதனை சாம்பிள்களை எடிசனை விட்டுவிட்டு வெளி மெஷினில் ஓட்டினார்கள். இதைத் தவறு என்று 2014-ல் நியூயார்க் மாநில அதிகாரிகளுக்கு வேறு பெயரில் எழுதியவர் டைலர் ஷுல்ட்ஸ். படிப்பு முடிந்து சேர்ந்த புது ஊழியர், போர்டில் இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன்.

பேரன் தாத்தாவிடமும் போய்ச் சொன்னான். தாத்தா நம்பவில்லை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியனோடு பேச்சு நடத்தியவர், எதிராளியின் முகத்தைப் பார்த்து எடை போடத் தெரிந்தவர். அந்தத் திறமைதான் இங்கே காலை வாரியது என்பது என் எண்ணம். ஆளை எடை போட்டே வாழ்க்கை முழுக்க ஜெயித்தவருக்கு, எதிரே இருந்த பெண்ணின் உறுதி போதுமானதாக இருந்தது. மெஷினின் தரத்தை நாள்தோறும் குறித்துவைக்கும் கண்ட்ரோல் சார்ட்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கம்பெனி பேரன் மேல் வக்கீல்களை ஏவியது. அவனுடைய பெற்றோர் வக்கீல் செலவுக்கே 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

சரி, இவர்களை ஏன் சேர்த்தார்கள்? அதில் ஒரு கணக்கு இருந்தது. இவர்களில் பலர் ஸ்டான்ஃபோர்ட் வளாகத்திலுள்ள ஹூவர் என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். 2011-ல் ஷுல்ட்ஸ் வந்தார், அவர் வழியே மற்றவர்கள். ராணுவம் ஆப்கானிஸ்தானில் தங்கள் கருவியைப் பயன்படுத்துகிறது என்று முதலீட்டாளர்களிடம் சொல்லப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் போர்டில் ஒரு ஜெனரல், ஒரு அட்மிரல், ஒரு பாதுகாப்பு அமைச்சர் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பொய்யை யார் சந்தேகிப்பார்கள்? வால்மார்ட்டின் வால்டன் குடும்பம் 15 கோடி டாலர், ரூபர்ட் மர்டாக் சுமார் 12.5 கோடி, டிவோஸ் குடும்பம் 10 கோடி என்று பணம் கொட்டியது. 2014-ல் 10 கோடி டாலருக்கு மேல் வருமானம் வரும் என்று கம்பெனி சொன்னது. வந்தது ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பின்னர் குற்றம்சாட்டியது. மருத்துவக் கருவிகளிலேயே முதலீடு செய்து பழகியவர்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். கூகுளின் முதலீட்டுப் பிரிவு செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. தங்கள் ஆள் ஒருவரை, தெரானோஸ் டெஸ்ட் கிடைத்த வால்கிரீன்ஸ் மருந்துக் கடைக்கு அனுப்பி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். ஒரு சொட்டு போதாது, கையில் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்றார்கள் கடையில். விஷயம் முடிந்தது.

மாட்டிஸ் சொந்தப் பணம் 85 ஆயிரம் டாலர் போட்டிருந்தார். 2021-ல் சான் ஹோசே நீதிமன்றத்தில் ஹோம்ஸ் மீதான மோசடி வழக்கில் சாட்சி சொன்னபோது, வெளிக் கம்பெனி மெஷின்கள் பயன்பாட்டில் இருந்தது பத்திரிகைச் செய்திகளுக்குப் பிறகுதான் தனக்குத் தெரியும் என்றார். போர்டில் இருப்பதற்கு வருஷம் ஒன்றரை லட்சம் டாலர் வாங்கியவர். எனக்கு அவர் மேல் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். லேபுக்குள் ஒரு தடவை நடந்து, 'இது என்ன மெஷின்' என்று கேட்டால் போதுமே. மெஷினிலேயே சீமென்ஸ் என்று எழுதியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ நிபுணர்களைப் போட்டால் சரியாகிவிடும்' என்று முடிவு கட்ட வேண்டாம். தெரானோஸ் போர்டிலேயே ஆரம்பக் காலத்தில் கேள்வி கேட்கிற ஒருவர் இருந்தார். ஏவி டெவானியன், ஆப்பிளில் மென்பொருள் பிரிவுத் தலைவராக இருந்தவர். மருந்துக் கம்பெனி ஒப்பந்தங்கள் ஏன் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன என்று துருவினார். 2007-ல் வெளியே போக வேண்டியதாயிற்று. 2008-ல் அன்றைய போர்டு ஹோம்ஸைத் தலைமைப் பதவியிலிருந்து எடுக்கவே முடிவு செய்தது, கூப்பிட்டும் பேசியது. ஓரிரு மணி நேரத்தில் அவர் பேசியே மனதை மாற்றிவிட்டார். அப்புறம் 2013 வாக்கில் தன் பங்கு ஒவ்வொன்றுக்கும் 100 ஓட்டு என்று ஏற்பாடு செய்துகொண்டார். 99 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு அவர் கையில். அதற்கு மேல் போர்டில் நோபல் விஞ்ஞானிகளை நிரப்பியிருந்தாலும் கேள்வி கேட்கலாம், பதில் வாங்க முடியாது. ஆகவே பின்னணியோடு சேர்த்து ஓட்டையும் பார்க்க வேண்டும் என்பேன்.

எதிர் உதாரணமும் உண்டு. கோவிட் தடுப்பூசி தயாரித்த மாடர்னா 2010-ல் தொடங்கியது, அதுவும் எதையும் வெளியே சொல்லாத கம்பெனி என்று திட்டு வாங்கியது, தெரானோஸோடு ஒப்பிட்டுக்கூட எழுதினார்கள். ஆனால் அதன் போர்டில் உயிர்வேதிப் பொறியாளர் நூபார் அஃபேயன், மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் துறையின் பெரிய பெயரான எம்ஐடி பேராசிரியர் ராபர்ட் லாங்கர், மருந்துக் கம்பெனியான ஜிஎஸ்கேயில் தடுப்பூசிப் பிரிவை நடத்திய மொன்செஃப் ஸ்லாவி என்று தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வெளியே ரகசியம் காத்தாலும் உள்ளே சோதனை முடிவை வாசிக்க ஆள் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். ஆன்லைனில் பாடம் விற்ற பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புக்குப் போனது. போர்டில் நிறுவனர், மனைவி, தம்பி, எதிர்ப்பக்கம் முதலீட்டாளர்களின் பிரதிநிதிகள் மூவர். 2023 ஜூனில் அந்த மூவரும் விலகினார்கள், தணிக்கை நிறுவனமான டெலாய்ட்டும் விலகியது. தங்கள் பிரதிநிதி சொன்ன ஆலோசனைகளைக் கம்பெனி தொடர்ந்து காதில் வாங்கவில்லை என்று முதலீட்டாளர்களில் ஒன்றான புரோசஸ் (Prosus) வெளிப்படையாகவே சொன்னது. மிச்சம் இருந்த போர்டு ஒரு குடும்பம்தான். அடுத்த மாதமே ஓர் ஆலோசனைக் குழு அறிவித்தார்கள். எஸ்பிஐ முன்னாள் தலைவர் ரஜ்னீஷ் குமார், இன்ஃபோசிஸ் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பாய். இரண்டும் கனமான பெயர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது. ஒரு வருஷத்தில் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள். 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்தின் 158 கோடி ரூபாய் பாக்கிக்காகக் கம்பெனி திவால் தீர்ப்பாயத்தில் ஏறியது.

2013 கம்பெனிச் சட்டப்படி, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு யாரையும் சாராத தனி இயக்குநர்கள் இருந்தே ஆக வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்டார்ட்அப்புகளில் பெரும்பாலானவை பிரைவேட் லிமிடெட். இருபது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு அந்தச் சலுகை நியாயம். பல்லாயிரம் கோடி மதிப்பு சொல்லிக்கொண்டு, லட்சக்கணக்கான பெற்றோரிடம் பணம் வாங்குகிற கம்பெனிக்கும் அதே சலுகை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால், நிறுவனரின் உறவாகவோ முதலீட்டாளரின் ஆளாகவோ இல்லாத, அந்தத் தொழில் தெரிந்த, ஓட்டுள்ள ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி வரட்டும். இதைச் சொன்னால் 'தொழில்முனைவோரை நசுக்காதீர்கள்' என்று ஒரு கூட்டம் கமெண்ட்டுக்கு வரும். வரட்டும், பேசுவோம்.

தெரானோஸும் கடைசியில் லேப் மருத்துவம் தெரிந்தவர்களைக் கூட்டி ஓர் அறிவியல், மருத்துவ ஆலோசனைக் குழு அமைத்தது. அது 2016 ஏப்ரல். கம்பெனி தொடங்கிப் பதின்மூன்றாவது வருஷம். அடுத்த மாதம், எடிசன் மெஷினில் 2014, 2015 இரண்டு வருஷம் கொடுத்த ரிசல்ட் அத்தனையையும் கம்பெனியே ரத்து செய்துவிட்டது என்று செய்தி வந்தது.