பிப்ரவரியில் வாருங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து செய்தி வந்துவிடும். "சகுரா எந்த வாரம் பூக்கும்? டிக்கெட் போடணும்." எட்டு வருடமாக டோக்கியோவில் இருக்கிறேன், எட்டு வருடமாக இந்த சகுரா, அதாவது செர்ரிப் பூ, பற்றிய கேள்விதான். இந்த முறை எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பூப் பார்க்க ஆசை இருந்தால் பிப்ரவரியில் வாருங்கள். உமே பூத்திருக்கும்.

உமே என்பதைப் பொதுவாக பிளம் என்று சொல்கிறோம். உண்மையில் அது ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய சொந்தம். சீனாவிலிருந்து வந்து இங்கே வேர்பிடித்த மரம். நம் கணக்கில் சொன்னால் அது பின்பனிக்காலத்துப் பூ. ஒரு இலைகூட இல்லாத கிளையில், சில நாள் பனி விழுந்துகொண்டிருக்கும்போதே பூத்துவிடும்.

சகுராவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் என் சித்தி குடும்பம் பணம் சேர்த்து இங்கே வந்தது. டூர் கம்பெனிக்காரர்கள் ஏப்ரல் முதல் வாரம் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இவர்கள் வருவதற்கு முந்தின இரண்டு நாளும் மழை. ஈரத் தரையில் ஒட்டிக்கிடந்த இதழ்களைத்தான் சித்தி பார்த்தார். இப்போது எங்கும் நட்டிருக்கும் சோமெய் யோஷினோ என்ற சகுரா வகை முழுவதும் ஒட்டுக்கட்டி வளர்த்தது. ஒரே மரத்தின் நகல்கள் என்பதால் ஓர் ஊரில் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்ந்துவிடும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். உமேயில் முந்தி, பிந்தி என்று எத்தனையோ வகை. அதாமியில் ஜனவரியிலேயே பார்க்கலாம். கியோட்டோவின் ஸுய்ஷின்-இன் புத்தக் கோயிலில் மார்ச் கடைசி வரைக்கும்கூட இருக்கும். உமே அவசரப்படுத்தாது.

பார்க்கும் விதமும் வேறு. சகுராவைத் தள்ளி நின்று மேகம் மாதிரி பார்க்கலாம். உமேக்குப் பக்கத்தில் போக வேண்டும், ஒரே ஒரு கிளை போதும். பூவுக்குக் காம்பே கிடையாது என்று சொல்லலாம், கணுவிலேயே நேராக உட்கார்ந்திருக்கும். ஐந்து இதழும் உருண்டை. சகுரா இதழின் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டு இதில் இல்லை. நடுவில் மகரந்தத் தாள்கள் கண்ணிமை மயிர் மாதிரி விரிந்து நிற்கும். அடிமரம் முறுக்கிக்கொண்டு, கருத்து, சாம்பல் பச்சையில் பாசி படர்ந்து இருக்கும். இந்தக் கட்டையிலிருந்தா இவ்வளவு மெல்லிய பூ வந்தது என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் வாசனை. சகுராவுக்குப் பெரிதாக மணம் கிடையாது. உமேவின் மணமோ மரம் கண்ணில் படுவதற்கு முன்பே வந்துவிடும். மல்லிகை போலத் தூக்கலாக இல்லை, கொஞ்சம் தேனும் கொஞ்சம் பாதாமும் கலந்த மாதிரி. குளிரில் மூக்கு மரத்துப்போன நேரத்தில் அது வரும்போது சட்டென்று நின்றுவிடுவேன்.

இந்த மணத்தைப் பற்றித்தான் சுகவாரா நோ மிச்சிஸானே பாடினார். 845இல் பிறந்தவர். பெரும் புலவர், அன்றைய தலைநகரான கியோட்டோவின் அரசவையில் பெரிய பதவியில் இருந்தவர். எதிரிகளின் சூழ்ச்சியால் 901இல் தூரத்து தஸைஃபுவுக்கு அனுப்பப்பட்டார். கிளம்பும்போது வீட்டு முற்றத்து உமே மரத்திடம் விடைபெற்றாராம்: கீழ்க்காற்று வீசும்போது உன் மணத்தை அனுப்பு, எஜமான் இல்லை என்பதற்காக வசந்தத்தை மறந்துவிடாதே என்று. கீழ்க்காற்றை ஜப்பானியர்கள் 'கொச்சி' என்கிறார்கள். நம்மிடமும் அதற்குத் தனிப்பெயர் உண்டு, கொண்டல். தஸைஃபு கியோட்டோவுக்கு மேற்கே இருக்கிறது. கொண்டல் வீசினால்தான் வீட்டுப் பூவின் மணம் அவர் இருக்கும் திசைக்குப் போகும். இதை வரைபடத்தில் பார்த்துப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் திரும்பவே இல்லை. 903இல் அங்கேயே இறந்துபோனார். மரம் மட்டும் ஒரே இரவில் பறந்து அவரிடம் போய்ச் சேர்ந்தது என்பது கதை. தஸைஃபு தென்மாங்கு கோயிலில் பிரதான மண்டபத்துக்கு முன்னால், வலப்பக்கம் நிற்கும் வெள்ளை உமேயைத்தான் அந்தப் 'பறந்த உமே' என்கிறார்கள். அங்கே ஏறத்தாழ 6,000 உமே மரங்கள் இருந்தாலும் எல்லாரும் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தான்.

அவர் இறந்த பிறகு தலைநகரில் இடியும் சாவுமாக விழுந்தன. அவருடைய கோபம்தான் காரணம் என்று பயந்துபோய் அவரைத் தெய்வமாக்கினார்கள். 947இல் கியோட்டோவில் அவருக்கு கிதானோ தென்மாங்கு கோயில் எழுந்தது. இன்று அவர் படிப்புக்கான தெய்வம். டோக்கியோவில் அவருடைய யுஷிமா தென்ஜின் கோயிலுக்குப் பிப்ரவரியில் போனால் உமேயையும் பரீட்சையையும் சேர்த்தே பார்க்கலாம். வேண்டுதல் எழுதும் எமா என்ற மரப்பலகைகள் கொத்துக்கொத்தாக, ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். போன வருடம் ஒரு அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரலோடு பலகையில் எழுதினார். எழுதி முடித்துக் கட்டிவிட்டும் போகவில்லை. வெள்ளை உமேக்குக் கீழே வெகுநேரம் கும்பிட்டபடி நின்றார். அரசுப் பல்கலைக்கழகங்களின் முக்கியத் தேர்வு பிப்ரவரி 25இல் தொடங்கும். கிதானோவில் மிச்சிஸானேயின் நினைவுநாள் உமே விழாவும் அதே 25தான்.

அந்த விழாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 1587இல், அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி அந்த வளாகத்தில் பெரிய தேநீர் விருந்து நடத்தினார். அதை நினைத்து, பக்கத்துக் கமிஷிச்சிகென் தெருவின் கெய்கோ (கெய்ஷா), மைகோ (பயிற்சியில் இருக்கும் கெய்ஷா) பெண்கள் திறந்தவெளியில் தேநீர் தருவார்கள். கூட்டம் உண்டு. ஆனால் நாலு எட்டு வைத்துத் தோட்டத்துக்குள் போனால் மூச்சு விட இடம் இருக்கும். மரத்தில் ஒரு வெள்ளைக்கண்ணிக் குருவி தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அரைமணி நேரம் நின்றேன், யாரும் என்னை நகரச் சொல்லவில்லை.

எனக்கு உமே பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அது பூத்ததோடு நிற்பதில்லை. "சகுராவை வெட்டுபவன் முட்டாள், உமேயை வெட்டாதவன் முட்டாள்" என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. சகுராவில் வெட்டின இடம் அழுகும். உமேயைக் கவாத்து செய்யாவிட்டால் கிளைகள் தாறுமாறாக ஓடிப் பூ குறைந்துவிடும். வருடா வருடம் யாரோ ஏணி போட்டு ஏறிப் பார்த்தால்தான் அந்த அழகு. ஜூனில் காய் வரும். மிதோ நகரத்தில் 1842இல் அந்தப் பகுதியின் பிரபு தோகுகவா நாரியாகி மக்களோடு சேர்ந்து மகிழ்வதற்கென்று கைராகுஎன் தோட்டத்தைத் திறந்தபோது, உப்பில் போட்ட காய் போர்ப்படைக்கும் பஞ்சத்துக்கும் உதவும் என்பதையும் கணக்கில் வைத்திருந்தார். இன்று அங்கே ஏறத்தாழ 3,000 மரங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூப் பார்க்கும் வழக்கமே உமேயில் தொடங்கியதுதான். மான்யோஷு என்ற பழைய பாடல் தொகையில் உமே 100க்கும் மேற்பட்ட பாடல்களில் வருகிறது, சகுரா 40 சொச்சத்தில்தான். 730இல் தஸைஃபுவில் ஓர் உமே விருந்தில் பாடிய 32 பாடல்களின் முன்னுரையிலிருந்துதான் 2019இல் 'ரெய்வா' என்ற பெயரையே, அதாவது இன்றைய பேரரசரின் ஆட்சிக்காலத்துக்கான சகாப்தப் பெயரையே, எடுத்தார்கள்.

கிதானோவில் தங்கள் வளாகத்துக் காயையே பறித்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்து வருடக் கடைசியில் பொட்டலமாகத் தருகிறார்கள். புத்தாண்டுக் காலையில் வெந்நீரில் போட்டுக் குடித்தால் அந்த வருடம் நோய்நொடி அண்டாது என்று நம்பிக்கை. இந்த ஜனவரி ஒன்றாம் தேதி நானும் செய்தேன். சுருங்கி, உப்புப் பூத்து, நகம் அளவில் இருந்த காய் கோப்பையில் மெதுவாக உப்பியது. புளிப்பில் கண் மூடிக்கொண்டது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வரும் பிப்ரவரி 25ஆம் தேதி மறுபடியும் கிதானோ போகிறேன். அந்த வாரம் யார் வந்தாலும் சொல்லுங்கள், கியோட்டோ ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். ஸ்வெட்டர் மட்டும் போதாது, கையுறையும் எடுத்து வாருங்கள்.