நண்பர்களோடு போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நாங்கள் நால்வரும் இன்றுவரை ஆண்டுதோறும் எங்காவது கிளம்பிவிடுகிறோம். என் மகளுக்கு நான்கு வயதானதிலிருந்து அவளும் எங்களோடு வருகிறாள். பிள்ளைகளுக்கு வேறு பயணம், பெரியவர்களுக்கு வேறு பயணம் என்று பிரித்துவைக்கும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. அது தேவையற்றது என்பதே என் உறுதியான கருத்து. பெற்றோரின் பழைய நண்பர்களோடு வெட்டவெளியில் கழியும் ஒரு பகற்பொழுதுக்கு எந்தச் சுற்றுலா விடுதியின் விளையாட்டுத் திடலும் ஈடாகாது.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்கிறேன். நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் நெருக்கமாகக் கூடு கட்டியிருந்தன. அவற்றின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிறதே என்று மகள் கேட்டபோது, உயிரியல் ஆசிரியையாக இருக்கும் என் தோழி உடனே பதில் சொல்லிவிடவில்லை. தொலைநோக்கியை அவள் கையில் கொடுத்து, குஞ்சுகளின் அலகிலும் அந்த இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். மகள் கூடு கூடாகத் தேடி, குஞ்சுகளுக்கு அது இல்லை என்று கண்டுபிடித்தாள். அதன் பிறகுதான், நத்தையைப் பிடித்து உண்ணும் இந்தப் பறவைக்கு வளர வளரவே அலகில் அந்த இடைவெளி உண்டாகிறது என்று தோழி விளக்கினாள். நான் உடன் இருந்தும் அந்த ஒரு மணி நேரமும் மகள் என்னைத் தேடவே இல்லை. தாய் சொன்னால் பாடமாகிவிடுகிற ஒன்றை, அத்தை என்று அழைக்கும் ஒருத்தி சொல்லும்போது பிள்ளைகள் விளையாட்டாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

கரையில் நடந்துகொண்டே, அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்பறவைகளைக் காத்துவருவதையும், 1798இலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் அதற்கான உரிமையைப் பெற்றதையும், எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாகப் பாய்வதையும் பேசினோம். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை என்று கேட்டதும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருத்தமாக இருக்காதா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை ஒட்டி நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சிதம்பரத்துக்காரரான நண்பரே எங்களுக்கு வழிகாட்டி. குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும் என்பதால் அதையே அமர்த்தினார். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று சொல்லி, மகளின் கையைக் கிளைப்பக்கம் போகவிடாமல் பிடித்துக்கொண்டார். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது என்று அவர் காட்டியதை அவள் இன்றும் வகுப்புத் தோழிகளிடம் சொல்கிறாள். அதைவிட, விடுதி நாட்களில் அவளுடைய அம்மா தேர்வுக்கு முந்தைய இரவு அழுததையும், அப்போது இந்த மாமா இரவெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததையும் அதே படகில் அவள் கேட்டாள். தன் தாயும் ஒருகாலத்தில் பயந்த பெண்தான் என்று ஒரு பிள்ளை அறிவது நல்லது. அதைப் பழைய நண்பர்கள்தான் சொல்ல முடியும்.

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளால் அவளுக்கு வாந்தியாகவே நினைவிருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்தே இறங்க வேண்டியவை.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஏரியில் நீர் இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொண்டு, மங்கலான நிற உடையில் அதிகாலையிலேயே போய்விடுங்கள். அருகிலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளில் ஓர் இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைச் சிறிது நேரம் நண்பரின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தள்ளி நடங்கள்.