பூனைக் கிருமியும் நம்ம பையன்களின் மோட்டாரும்

"பூனை வளர்க்கிற வீட்டுப் பிள்ளைங்க மூளையில கிருமி ஏறிடும். அதனாலதான் ராத்திரியில மோட்டார் ரேஸ் ஓட்டுறானுங்க." இப்படி ஒரு குரல்பதிவு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். குட்டிப் பூனைகளை அட்டைப் பெட்டியில் போட்டுச் செம்பனைத் தோட்டத்து ஓரம் விட்டுவிட்டு வருகிறார்கள்.

கிருமி பொய்யில்லை. பெயர் டாக்சோபிளாஸ்மா, 1908லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எலி, ஆடு, கோழி, மனிதன் என்று வெப்ப ரத்தமுள்ள எந்த உடம்பிலும் குடியிருக்கும். ஆனால் ஆண் பெண் சேர்ந்து அது இனம் பெருக்குவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான். தோட்டத்தில் நாம் எலிக்காகப் பெட்டி வைத்து வளர்க்கிற கூகை அந்த எலியைத் தூக்கிப் போனால் கிருமியின் கணக்கு அங்கேயே கெட்டது. எலி பூனை வாயில்தான் விழ வேண்டும்.

விழவும் செய்கிறது! கிருமி தொற்றிய எலிகள் பூனை மூத்திர வாடையைக் கண்டு ஒதுங்குவதில்லை, சில அங்கேயே போய் முகர்ந்து கிடக்கின்றன என்று 2000இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எப்படி? முதலில் எல்லாரும் மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனத்தைக் கைகாட்டினார்கள். நாள்பட்ட தொற்றுள்ள சுண்டெலி மூளையில் அது 14 விழுக்காடு கூடுதலாக இருப்பதை 1985லேயே அளந்திருந்தார்கள். டோபமின் தயாரிப்புக்கு உதவும் மரபணு அந்தக் கிருமியிடமே இருப்பதும் பின்னால் தெரிந்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தால், அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோதும் பெரிய வித்தியாசமில்லை. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகம். அங்கே அஜய் வியாஸ் குழு வேறு இடத்தில் தோண்டியது. ஆண் எலியின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியில் வாசோபிரெசின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவின் பூட்டு தளர்ந்து (அதாவது அது கூடுதலாக வேலை செய்து), பயப்பட வேண்டிய வாடை ஆசை காட்டும் வாடையாகிவிடுகிறது என்றார்கள். 2020இல் ஜெனீவா ஆய்வோ பூனை என்றில்லை, எல்லாப் பயமுமே குறைகிறது, மூளை அழற்சி எவ்வளவோ அவ்வளவு என்றது. எலிக்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை, குரல்பதிவில் பேசிய நம்ம ஆள் அதற்குள் பையன்களுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். தொற்றுள்ளவர்கள் சாலை விபத்தில் அதிகம் சிக்குகிறார்கள் என்று 2002இல் பிராக் நகர ஆய்வு சொன்னது. குரல்பதிவின் வேர் அதுவாக இருக்கலாம். 2016இல் நியூசிலாந்தின் டுனிடினில் 837 பேரைப் பார்த்தபோது முரட்டுத்தனத்துக்கும் இந்தக் கிருமிக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே கிடைக்கவில்லை. அதை யாரும் பகிர்வதில்லை.

தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து குடும்பங்களைக் கிளப்பி மலிவு விலை அடுக்குமாடியில் ஏற்றிவிட்டோம். பந்து விளையாடத் திடல் இல்லை, எட்டு மணிக்கு மேல் போக இடமில்லை. பையன் மோட்டாரை முறுக்கத்தான் செய்வான். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் பூனை மேல் பழி என்று எனக்குத் தோன்றுகிறது.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு. சரியாக வேகாத ஆட்டிறைச்சி, கழுவாத உலாம் (பச்சையாகத் தின்னும் கீரை), மண் அளைந்த கை, எல்லாமே வழிதான். பூனை பெரும்பாலும் முதல் முறை தொற்றியபோது ஓரிரு வாரம்தான் கிருமியை வெளியேற்றும்; அந்த மலம் ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். தினமும் அள்ளிப் போட்டால் போதும். அந்த வேலையை வீட்டு ஆம்பளைங்க பார்க்கட்டும், ஐந்து நிமிஷம்கூட ஆகாது.