ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லைதான்

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். நான் திரையைப் பகிர்ந்தேன், நான்கு டெர்மினல் (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்தேன், நான்கும் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. உடனே நண்பர், "இதுக்கு எத்தனை நாள் உட்கார்ந்தீங்க? மவுசால இழுத்து வெச்சா ரெண்டு செகண்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு செகண்டுதான், மறுக்கவில்லை. அந்த இரண்டு செகண்டில்தான் என்ன தட்ட வந்தோம் என்பது மறந்துபோகிறது. ஜன்னலை எங்கே வைப்பது என்பது கம்ப்யூட்டரின் வேலை. என் வேலை இல்லை.

இது நான் கண்டுபிடித்த கிறுக்கும் இல்லை. 1985-ல் வந்த விண்டோஸ் 1.0-விலேயே ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றன. பழைய டெர்மினல் செயலியான எக்ஸ்டெர்மிடம் திறக்கும்போதே நான்கு எண்ணைக் கொடுத்தால் போதும்: 80 எழுத்து அகலம், 24 வரி உயரம், வலது மேல் மூலைக்கு இரண்டு எண். போய் ஒட்டிக்கொள்ளும். (அந்த 80, ஐபிஎம் 1928-ல் கொண்டுவந்த துளையட்டையின் அகலம். அவர்களிடமும் போய்ச் சிரியுங்கள்.) 2009-ல் வந்த, ஜன்னல்களைத் தானே அடுக்கும் ஐ3-யில் எண்கூட வேண்டாம். புது டெர்மினல் வந்தால் பழையது நகர்ந்து இடம் கொடுக்கும், பேருந்தில் நல்ல மனிதர்கள் கொடுப்பதுபோல.

"வேலண்டில் இதெல்லாம் ஓடாதே" என்பீர்கள். உண்மைதான். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறை அது; அங்கே ஒரு செயலி தன் ஜன்னலுக்குத் தானே இடம் கேட்க முடியாது. அதனால்தான் வேலண்டில் ஐ3-யைப்போலவே ஜன்னலை அடுக்கும் ஸ்வேக்கு மாறினேன். ஐ3-க்கு எழுதிய கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) பெரும்பாலும் அப்படியே ஓடுகிறது. ஒரு சனிக்கிழமை போயிற்று. சரி, இரண்டு சனிக்கிழமை.

"டிமக்ஸ் போதுமே" (ஒரே டெர்மினலுக்குள் பல டெர்மினல் வைக்கும் செயலி) என்பவர்கள் டிமக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, புது டெர்மினல் பழையதன் மேல் அச்சாக வந்து மூடிக்கொண்டது. நிறமும் எழுத்தும் ஒன்றே. கீழே இருந்ததில் வேண்டாத ஒரு ஃபோல்டர், மேலே வந்ததில் வெளி ஹார்டு டிஸ்க். நான் ஆர்எம் (அழிக்கும் கட்டளை) அடித்தது மேலே. சின்னவள் முதல்முறை மேடையேறிய வீடியோ அதில்தான் இருந்தது. திரும்பவில்லை. தப்பு என்னுடையது, தெரியும். அன்றிலிருந்து ஹார்டு டிஸ்க் டெர்மினல் இடது கீழ் மூலையை விட்டு நகராது. பின்னணி செங்கல் நிறம்.

இதை மீட்டிங்கில் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரித்து முடித்த கூட்டத்திடம் என்னவென்று சொல்வது? என் வீட்டு மேசை, என் கம்ப்யூட்டர், என் சனிக்கிழமை. கிரிக்கெட் பார்த்தே ஞாயிறைக் கழிக்கிறவரை நான் ஏதாவது கேட்டேனா? "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று அப்பா கேட்பார், அவர் கேட்கலாம். நீங்கள் ஏன் சார்?

இன்னொன்று. சிரிப்பைத் தொடங்கிவைத்த நண்பரின் மடிக்கணினியில் டெர்மினல் திறந்தால் இன்றைக்கும் வலது பாதியில்தான் வந்து நிற்கும். அந்த ரூலை எழுதிக் கொடுத்தது யார் என்று அவரிடமே கேளுங்கள்.